கிறிஸ்துமஸுக்கு ஊர் போக ஒரு பகல் வண்டி: சென்னை–நாகர்கோவில் வந்தே பாரத்

சென்னையில் வேலையும் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடுமாக வாழ்பவர்களுக்கு, டிசம்பர் மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் இரவு வண்டியைவிடப் பகல் வண்டியே பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து. எழும்பூரிலிருந்து காலை 5 மணிக்குப் புறப்பட்டு, அட்டவணைப்படி பிற்பகல் 1.50 மணிக்கு நாகர்கோவில் சந்திப்பை அடையும் 20627 எண் வந்தே பாரத் ரயிலைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். வேகம், இருக்கை, தூய்மை என்று அவர்கள் சொன்னவற்றை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும் வாரத்தில் அலுவலகத்துக்கும் பங்குக்கும் (உள்ளூர்த் தேவாலயச் சமூகத்துக்கும்) உறவினர்களுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய ஒருவருக்கு இந்த வண்டி எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு டிசம்பரின் நெருக்கடி மாதத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் இறுதியில் கொடியேறி டிசம்பர் 3ஆம் தேதி நிறைவடையும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சென்னையில் வேலை பார்ப்பவர்களில் மிகப் பலருக்கு அந்தத் திருவிழாவுக்குப் போக விடுப்பு கிடைப்பதில்லை. “தேர் பார்க்க வரல்லியா மக்கா?” என்று தொலைபேசியில் கேட்கும் அம்மாவுக்கு, “கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பாக வந்துவிடுவேன்” என்று சொல்லித்தான் பேச்சை முடிக்க வேண்டியிருக்கிறது. அப்படி வாக்குக் கொடுத்த பிறகு 24ஆம் தேதி மாலைக்குள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது.

அந்த நாளுக்கு முன்னால் நிற்கும் மூன்று வாரங்களோ மிகவும் அடர்த்தியானவை. சென்னையில் நாங்கள் சேர்ந்திருக்கும் பங்கிலும் அன்பியங்கள் (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்) வாரியாகக் கேரல் பாடி வீடு வீடாகச் செல்வது உண்டு. இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்தரை வரை நீளும். பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு ஒத்திகை தனி. அலுவலகத்தில் கிறிஸ்மா–கிறிஸ்சைல்டு சீட்டு எடுத்து, யாருக்கு யார் பரிசு தருகிறார் என்பதைக் கடைசி நாள்வரை மறைத்து வைத்து, விடுமுறைக்கு முந்தைய மாலையில் கேக் வெட்டி வெளிப்படுத்துவது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலத்தில் எங்கள் பக்கம் திருமணங்களைத் தவிர்ப்பதால், அந்தத் திருமணங்களெல்லாம் கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரத்தில் வந்து குவியும். அவற்றுக்கான அழைப்பிதழ்களும் டிசம்பர் நடுவிலேயே கைக்கு வந்துவிடும். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வீடுகளில் அரையாண்டுத் தேர்வு 23ஆம் தேதி வாக்கில் முடியும்வரை யாரும் நகர முடியாது.

வேலையின் கெடுபிடி இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகப் பணியாற்றுகிறவர்கள், விடுமுறைக்கு முன் வெளியிட வேண்டியவற்றை வெளியிட்டுவிட வேண்டும். அதன்பின் புத்தாண்டு வரை எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று பல வாடிக்கையாளர்கள் விதி வைத்திருக்கிறார்கள். இறுதி ஒப்புதல் தரும் கூட்டம் அவர்களுடைய கிழக்குக் கரை நேரப்படி காலை 9 மணிக்கு நடந்தால், குளிர்காலத்தில் நமக்கு அது இரவு 7.30 மணி. 23ஆம் தேதி இரவு 7.30 மணிக்குக் கூட்டத்தில் இருக்க வேண்டிய ஒருவர், மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடும் கன்னியாகுமரி விரைவு வண்டியை எப்படிப் பிடிப்பார்? அதைப் பிடிக்க அரைநாள் விடுப்பு எடுத்து மூன்று மணிக்கே அலுவலகத்தை விட்டு வெளியேற வேண்டும். சோழிங்கநல்லூரிலிருந்து எழும்பூர் வரும் சாலையை அந்த வாரத்து மாலைப் பொழுதில் பார்த்தவர்களுக்கு, மூன்று மணியும் தாமதமோ என்ற ஐயம் வரும். அடுத்து இரவு எட்டு மணியை ஒட்டிப் புறப்படும் அனந்தபுரி விரைவு வண்டி கொல்லம் வரை செல்வது. கேரளத்துக் கிறிஸ்தவர்களும் ஐயப்ப பக்தர்களும் அதே படுக்கைகளுக்குப் போட்டியிடுவார்கள். சபரிமலை மண்டல பூஜைக் காலமும் கிறிஸ்துமஸும் அரையாண்டு விடுமுறையும் ஒரே வாரத்தில் மோதுவதுதான் தெற்கு நோக்கிய வண்டிகளின் டிசம்பர் நெரிசலுக்கு முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

இந்த இடத்தில்தான் காலை 5 மணி வண்டியின் மதிப்பு புரிகிறது. 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்தச் சேவை 23ஆம் தேதி முழுவதையும் நமக்கே விட்டுவிடுகிறது. இரவுக் கூட்டத்தை முடித்து, உடன் பணிபுரிபவர்களோடு கேக் பகிர்ந்து, பரிசை வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, பெட்டியைக் கட்டிவிட்டுச் சில மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தால் போதும். மறுநாள் மதிய உணவுக்குச் சற்றுத் தாமதமாக வீட்டில் உட்காரலாம். குடிலுக்கு வைக்கோல் பரப்பவும், வடசேரிச் சந்தைக்குப் போய் விட்டுப்போன சாமான் வாங்கவும், ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவ அறிக்கைக்கு) வரிசையில் நிற்கவும், நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் இரண்டு மணி நேரம் படுத்து எழவும் நேரம் இருக்கிறது. இரவு வண்டியில் போய் 24ஆம் தேதி அதிகாலையில் இறங்குபவர் கூடுதலாக ஒரு காலைப் பொழுதைப் பெறுகிறார் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு விலையாக அவர் கொடுப்பது 23ஆம் தேதியின் அரைநாளை; வேலை முடியாத மனத்தோடு ஏறினால் அந்த இரவின் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

பயணம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், விழுப்புரம் வரை பெட்டி முழுவதும் உறங்கும். திருச்சிக்கு ஒன்பது மணியை ஒட்டிச் சேர்வதற்குள் தட்டுப்பலகைகள் இறங்கிவிடும். பாதிப் பேர் உணவையும் மீதிப் பேர் மடிக்கணினியையும் அதில் வைத்திருப்பார்கள். இருக்கைக்கு அருகிலேயே மின்னிணைப்பு இருப்பதால் மடிக்கணினியின் ஆயுளைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் நிலையங்களுக்கு நடுவே அலைபேசிச் சமிக்ஞை அடிக்கடி மெலிவதால், காணொளிக் கூட்டத்தை இந்த வண்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் திட்டமிட வேண்டாம். விடுமுறைக்கு முன் அனுப்ப வேண்டிய கடிதங்களை எழுதி வைத்து, நிலையம் வரும்போது அனுப்பிவிடுவதற்கு விழுப்புரம்–திருச்சி இடைவெளி மிகவும் பொருத்தமானது. மதுரைக்குப் பத்தரை மணியளவில் வரும்போது மடிக்கணினியை மூடிவிட வேண்டும் என்பது என் பரிந்துரை. அதற்குப் பிறகான மூன்று மணி நேரம் வேலைக்கு உரியதன்று.

அந்த வாரத்தில் இந்தப் பெட்டிகளுக்குள் நிலவும் சூழலை வேறு எந்த மாதத்திலும் காண முடியாது. மேல்தட்டில் பெட்டிகளுக்கு இடையே மடித்துச் செருகிய காகித நட்சத்திரங்களின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர் வரிசையில் ஓர் இளைஞர் காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு, குரல் எழுப்பாமல் உதடுகளை மட்டும் அசைத்து, திருப்பலிக்கான தம் பகுதிப் பாட்டைப் பயின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த தாளில் எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பதற்குச் சிவப்பு மையால் கோடுகள் இழுத்திருந்தார். அவருக்கு முன்னிருந்த பெண்மணி யார் யாருக்கு என்ன துணி என்பதை அலைபேசியில் சரிபார்த்து, விடுபட்ட ஒரு பெயருக்காகத் தம் தங்கையிடம் நாகர்கோவிலில் வாங்கி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே பார்த்தால் திருநெல்வேலிக்குத் தெற்கே வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிறைந்த குளங்கள் வருகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலை நெருங்கி வந்து, காற்றாலைகள் இருபுறமும் தெரியத் தொடங்கும்போது, பெட்டியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்து சாமான்களை எடுக்கிறார்கள். இரவு வண்டியில் இதையெல்லாம் உறக்கத்திலேயே கடந்துவிடுவோம்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இராது. முதற்குறை, வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, இந்த வண்டி ஓடுவதில்லை. 2025ஆம் ஆண்டில் டிசம்பர் 24 சரியாகப் புதன்கிழமையில் விழுந்தது. வழக்கமான அட்டவணைப்படி, மிகவும் தேவைப்படும் நாளிலேயே வண்டி இல்லை. 2026இல் 24ஆம் தேதி வியாழக்கிழமை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையாகி, சனி ஞாயிறும் தொடர்ந்து வருவதால், மூன்று நாள் விடுமுறையை எண்ணிப் பிற ஊர்க்காரர்களும் இதே வண்டியை நாடுவார்கள்.

இரண்டாவது, காலை 5 மணி என்பது சென்னையில் எளிதான நேரமன்று. மெட்ரோவின் முதல் வண்டியே ஐந்து மணிக்குத்தான் புறப்படுகிறது என்பதால், எழும்பூருக்கு ஆட்டோவோ வாடகை மகிழுந்தோ தவிர வழியில்லை. அந்த நேரத்துக்கென முந்தைய இரவே பேசி வைப்பது நல்லது. தென்சென்னையில் இருப்பவர்கள் தாம்பரத்தில் ஏறிக்கொள்வதுதான் அறிவுடைமை. அங்கு வண்டி ஐந்தரை மணிக்குச் சற்று முன் வருகிறது. நான்கு மணியை ஒட்டித் தொடங்கும் புறநகர் மின்வண்டிகளும் கைகொடுக்கும்.

மூன்றாவது குறை முதியவர்களைப் பற்றியது, அதை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டிய வண்டி இது. முழங்கால் வலியோ முதுகு வலியோ உள்ள பெற்றோரைச் சென்னையிலிருந்து அழைத்துப் போகிறவர்கள், உயர்வகுப்பு நாற்காலிப் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். அங்கு வரிசைக்கு நான்கு இருக்கைகள், சாதாரணப் பெட்டியில் ஐந்து. அதுவும் இயலாதென்றால் இரவு வண்டியில் கீழ்ப்படுக்கை எடுத்து, அவர்களை ஒருநாள் முன்னதாக உறவினர் ஒருவரோடு அனுப்பிவிடுவதே சரி.

இன்னொன்று சமூக உறவோடு தொடர்புடையது. இரவு வண்டிகள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் நிற்கும்போது, உறவினர்கள் நடைமேடைக்கு வந்து கேக் பெட்டியோ முந்திரிக்கொத்துப் பொட்டலமோ கொடுத்து, நலம் விசாரித்துச் செல்வது எங்கள் வீடுகளில் நெடுங்கால வழக்கம். வந்தே பாரத் இடைநிலையங்களில் சில நிமிடங்களே நிற்கிறது. கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன. பெட்டி எண்ணை முன்கூட்டியே சொல்லி, கதவருகிலேயே நின்று வாங்கிக்கொள்ள முடியுமே தவிர, இறங்கி நின்று பேச முடியாது. மதுரையில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

கட்டணம் இரவு வண்டியின் மூன்றடுக்கு ஏசியைவிடக் கூடுதல். முன்பதிவின்போது உணவு வேண்டாம் என்று குறித்தால் சற்றுக் குறையும். வீட்டிலிருந்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதுவே நல்லது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதன்று; தூங்கும் வசதி கொண்ட சாதாரணப் படுக்கை வகுப்போடு ஒப்பிட்டால் பல மடங்கு. தனியாகப் பயணம் செய்து, அரைநாள் விடுப்பை மிச்சம் பிடிப்பவருக்குத்தான் கணக்கு நேராகிறது.

முன்பதிவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கிறிஸ்துமஸ் பயணத்தின் வெற்றி தோல்வி அக்டோபரிலேயே முடிவாகிவிடுகிறது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1ஆம் தேதி முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் யாருக்கும் டிசம்பர் மாத வேலைப் பளு தெரியாது. அக்டோபர் இறுதியில் வெளியீட்டுத் தேதிகள் ஓரளவு உறுதியாகியிருக்கும், திருமண அழைப்புகளும் வாய்மொழியாகவாவது வந்திருக்கும். டிசம்பர் 24ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 25ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்குகிறது. 23ஆம் தேதிக்கு அக்டோபர் 24. இணையவழியில் முன்பதிவு தொடங்கும் முதல் நேரம் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கு மட்டும் என்ற விதி 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், கணக்கைச் சரிபார்க்கும் வேலையைச் செப்டம்பரிலேயே முடித்துவிட வேண்டும். அன்று காலை எட்டு மணிக்கு அதைத் தொடங்கினால் இருக்கை கிடைக்காது.

இது நாற்காலி வண்டி என்பதால், பாதிப் படுக்கையில் உட்கார்ந்தாவது போய்விடலாம் என்ற ஆர்.ஏ.சி. வாய்ப்பு இங்கே இல்லை. உறுதியாக வேண்டும், இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியல். இணையத்தில் எடுத்த காத்திருப்புச் சீட்டு உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும், ஆனால் பயணம் நின்றுபோகும். முதல் இருக்கைப் பட்டியல் முந்தைய நாளே தயாராகிவிடுவதால், கடைசி நேர மாற்று ஏற்பாட்டுக்குச் சில மணி நேரமாவது கிடைப்பது ஆறுதல். தட்கலை நம்புகிறவர்கள் பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்கும் ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். 23ஆம் தேதி காலை பத்து மணி என்பது பெரும்பாலான அலுவலகங்களில் நாளின் முதல் கூட்டம் நடக்கும் நேரம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். திருச்சியிலோ மதுரையிலோ ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிறு வழி உண்டு: வண்டி அந்த நிலையத்திலிருந்து புறப்படுவதற்கு 15 நிமிடங்களுக்கு முன்வரை, காலியிடம் இருந்தால் சீட்டு எடுக்கும் வசதியை 2025 ஜூலையில் தெற்கு ரயில்வே இந்த வண்டிக்கும் கொண்டுவந்தது. மாமியார் வீட்டுக்கு முதலில் போய்விட்டு அங்கிருந்து ஊர் செல்பவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

மழையை மறந்து இந்தப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிக் கிளம்பிய செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுபோனது. மதுரைக்குத் தெற்கே நாகர்கோவில் வரை இரட்டைப் பாதைப் பணி 2024இல் முடிந்தபின் வண்டிகளின் ஓட்டம் சீரடைந்திருக்கிறது. ஆனாலும் தாமிரபரணி பெருக்கெடுத்தால் எந்தப் பாதையும் காத்திருக்கத்தான் வேண்டும். 24ஆம் தேதி மாலையில் வாசகம் வாசிக்கவோ பாடவோ பொறுப்பேற்றிருப்பவர்கள், வானிலை எச்சரிக்கை இருந்தால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். அலுவலகத்தில் மழையைக் காரணம் காட்டி ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

பேருந்து, விமானம் ஆகிய மாற்றுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிளாம்பாக்கத்திலிருந்து செல்லும் அரசு விரைவுப் பேருந்துகள் சிறப்புப் பேருந்துகளோடு கடைசி நேரப் புகலிடமாக இருக்கின்றன. தனியார் பேருந்துக் கட்டணம் அந்த வாரத்தில் ஏறிவிடுகிறது. திருவனந்தபுரத்துக்கோ தூத்துக்குடிக்கோ பறந்து, அங்கிருந்து சாலை வழியாக வருவது நேரத்தை மிச்சப்படுத்தும், பணத்தை அன்று.

திரும்பும் வண்டியான 20628 நாகர்கோவிலிலிருந்து பிற்பகல் 2.20 மணிக்குப் புறப்பட்டு இரவு 11 மணிக்கு எழும்பூர் சேர்கிறது. 2026இல் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திரும்ப நினைப்பவர்கள் அக்டோபர் 28ஆம் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்; போகும் சீட்டைப் போலவே வரும் சீட்டுக்கும் போட்டி கடுமையாக இருக்கும். இந்த வண்டியின் நன்மை, ஞாயிறு காலைத் திருப்பலியையும் வீட்டில் ஒரு வேளை உணவையும் விட்டுக்கொடுக்காமல் திங்கட்கிழமைக் காலை வேலைக்குப் போக முடிவது. எழும்பூரில் இறங்கும் நேரத்தில் மெட்ரோ ஓய்ந்துவிடும் என்பதால், முடிந்தவர்கள் தாம்பரத்திலேயே இறங்கி, அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் புறநகர் மின்வண்டியைப் பிடித்து வீடு சேர்வது எளிது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் நிறைந்த டப்பாக்களை மேல்தட்டில் வைத்தால் இறங்கும் அவசரத்தில் விட்டுவிட நேரும். இருக்கைக்கு அடியில் காலருகே வைத்துக்கொள்ளுங்கள்.